நாய் குரைக்காத விமானம்

ராத்தா சென்னைக்குப் போகிறார் என்பது எங்கள் தெருவுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். அஸர் தொழுத கையோடு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி மாப்புக் கேட்பார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் செய்கிற காரியம் அது. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஊராரின் வாயால் மன்னிப்பு வாங்கிக்கொண்டுதான் அவர்கள் புறப்படுவார்கள். மற்றவர்கள் வாழ்நாளில் ஒருமுறை செய்வதை ராத்தா மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தார். அதுவும் ஒன்றேகால் மணித்தியாலப் பறப்புக்காக.

"ஏதும் பிழ உட்டிருந்தா மனசில வெச்சிக்காதீங்க. மாப்புத் தாங்க."

"நோம்புக்கு முந்தித்தானே ராத்தா தந்த? அதுக்குள்ள என்ன பிழ செஞ்சீங்க?"

"போன கிழம உன்ட கோழிக்குக் கல்லெறிஞ்சன். அதுக்கும் சேத்துத் தா."

கேட்டவள் சிரிப்பாள். ராத்தா சிரிக்கமாட்டார். வாயால் "தந்திட்டன்" என்று சொல்லும்வரை வாசற்படியை விட்டு அசையவும் மாட்டார். பிளேன் ராத்தா என்ற பட்டம் அவருக்கு அப்படித்தான் வந்தது.

கல்முனையில், கடற்கரைக்குப் போகிற எங்கள் ஒழுங்கையில், அவர் வீடு என் வீட்டுக்கு இரண்டாவது. என்னைவிட ஆறு வயது மூப்பு, சொந்த அக்கா இல்லாவிட்டாலும் எனக்கு ராத்தா. நாங்கள் இரண்டு பேரும் கூட்டாகத் துணி வியாபாரம் செய்தோம். சென்னைக்குப் போய்ச் சல்வார்த் துணியும் சோலும் அபாயாத் துணியும் எடுத்துவந்து வீட்டு முன்னறையில் வைத்து விற்போம். ஆண் துணையில்லாமல் இரண்டு பெண்டுகள் கடல் தாண்டிப் போகிறார்கள் என்று கதைத்தவர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும், பெருநாளைக்கு எங்களிடம்தான் துணி எடுத்தார்கள்.

பயந்தவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. கொழும்புக்குப் போகிற வழியில் மகியங்கனை வளைவுகளில் வான் வண்டி சுற்றிச் சுற்றி ஏறும்போது நான் பொலித்தீன் பையை வாயில் பிடித்துக்கொண்டிருப்பேன். ராத்தா குறட்டை விடுவார். சீனி வருத்தம் இருந்தும் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுவார், கேட்டால் "கசப்புத் தண்ணிய மௌத்தாகிக் குழிக்குள்ள கிடக்கிறவங்க குடிக்கட்டும்" என்பார். சுனாமி அலை அடித்த வருடம் வீட்டின் பாதி போனபோதும், மீதிப் பாதியில் அடுப்பு மூட்டி முதலில் சோறாக்கியவர் அவர்தான். அந்த மனுசிக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பயம். சொன்ன வாகனத்துக்குப் பதில் வேறு வாகனம் வருவது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லா அலுவலும் முடிந்து உள்ளே போனதும் எல்லோரும் உட்காரக் கதிரை தேடுவார்கள். ராத்தா கண்ணாடியைத் தேடுவார். வெளியே நிற்கிற விமானம் முழுதாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, நெற்றி முட்ட நின்று, மூன்று இடம் பார்ப்பார். வாலடி, இஞ்சினடி, மூக்கு. எப்போதும் அந்த ஒழுங்கில்தான்.

இந்தப் படிப்பு அவருக்கு மாப்பிள்ளையிடமிருந்து, அதாவது புருசனிடமிருந்து, வந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையில் பதினெட்டு வருடம் இருந்தவர். வாய் திறந்து கதைக்கத் தெரியாத மனுசன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போனில் வருவார். சாப்பிட்டீர்களா, பிள்ளை ஓதுகிறதா என்று கேட்டதும் அவருக்குக் கதை முடிந்துவிடும். பிறகு வெட்கத்தில் போனைத் திருப்பிப் பின்னால் நிற்கிற விமானங்களைக் காட்டுவார். இது இன்னது, அது இன்னது, இதுக்கும் அதுக்கும் இதுதான் வித்தியாசம். அந்த விசயத்தில் மட்டும் அவருக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு வராது.

"மத்தவளுகளுக்குப் புருசன்மார் சங்கிலி அனுப்புறாங்க. எனக்கு அந்த மனுசன் வால அனுப்புறார்" என்பார் ராத்தா. சொல்லும்போது முகம் கொஞ்சம் சிவக்கும்.

சென்னைக்கு ஓடுகிற விமானங்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரே அளவு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்சின், நடுவில் ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஆசனம். நம்பர் சொன்னால் ஒன்று முன்னூற்றி இருபது, மற்றது எழுநூற்றி முப்பத்தேழு. ராத்தா அவற்றுக்குத் தன் பாட்டில் பெயர் வைத்திருந்தார். எழுநூற்றி முப்பத்தேழு சப்பட்டை. அதன் இஞ்சினின் வாய் கீழ்ப்பக்கம் தரையில் வைத்து அமர்த்தியது போலத் தட்டையாக இருக்கும். மூக்குக் கூர். வால் எழும்புகிற இடத்தில் முதலில் ஒரு சரிவு ஏறி, அதற்குப் பிறகுதான் நிமிரும். முன்னூற்றி இருபதுக்கு இஞ்சின் வாய் முழு வட்டம், மூக்கு மழுங்கல், வால் சரிவில்லாமல் எழும்பும். அதற்கு அவர் வைத்த பெயர் நாய்க்காரன்.

அந்தப் பெயர் ஏன் என்பது முதல் பயணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கதவு மூடி, இஞ்சின் தொடங்குகிற நேரத்தில், காலுக்குக் கீழே தரைக்குள்ளிருந்து ஒரு நாய் குரைத்தது. வள், வள், வள் என்று விடாமல் குரைத்தது. நான் ஆசனத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"பயப்புடாத புள்ள. அது இவன்ட நாய். ஏதோ எண்ணெய் பாயிற பம்பு எண்டு அந்த மனுசன் சொன்னார். நாய் குரைச்சா நாய்க்காரன்தான், வேற ஆளில்ல."

"அதுக்கு மேல இரிந்தா தொழ எடுத்த ஒழு முறியாதா ராத்தா?"

"இந்த நாய் நக்காதுகா" என்று சொல்லி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அமர்த்திப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வருகிற ஒரே நேரம் அதுதான். குரைக்கிற சத்தம் நன்றாகக் கேட்கும் என்பதற்காகவே எப்போதும் பதினாலாம் வரிசை கேட்டு வாங்குவார். ஏறினால் ஆசனங்களின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போவார். புகை வந்து கண் தெரியாவிட்டாலும் கதவுக்குப் போக வேண்டுமாம். நாய் குரைத்து முடியும்வரை என் கை அவர் மடியில் இருக்கும்.

விமானத்தை மாற்றுவது குறும்பயணங்களில் சாதாரணமாக நடக்கிற விசயம்தான். காலையில் ஒன்று சுணங்கினால் பின்னேரத்துக்கு எது சும்மா நிற்கிறதோ அதை அனுப்புவார்கள். ஆசன நம்பரை மாற்றித் தருவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு வசனம் சொல்வார்கள். முடிந்தது. நாய்க்காரனுக்குப் பதில் அவனுடைய நீட்டுக் காக்கா, அதாவது அதே சாதியில் நீளம் கூடிய அண்ணன், வந்த ஒரு நாளில் ராத்தா கண்ணாடியில் நின்று கதவுகளை எண்ணி, ஒரு கதவு கூட என்று கண்டுபிடித்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு ஏறினார். ஒரே குடும்பம் என்றபடியால் அந்தச் சலுகை. சப்பட்டையை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. அதுவும் நல்ல விமானம்தான், மாப்பிள்ளையே அதில்தான் ஊருக்கு வந்துபோகிறார். முதலிலேயே சப்பட்டை என்று சொல்லி டிக்கட் தந்தால் ராத்தாவும் ஏறுவார். நாய்க்காரன் என்று சொல்லிவிட்டுச் சப்பட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அவருக்கு உதறல் எடுக்கும்.

"இதெல்லாம் வழமதானாம் ராத்தா. கவுண்டர்ல நிக்கிற புள்ள சொல்லுது."

"வழம எண்டா ஏன் முன்னுக்கே சொல்லல்ல?"

ஒருநாள் கண்ணாடியடியில் காத்திருந்தபோது காரணத்தையும் சொன்னார். நான் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து தொதல் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"சண்ட நடந்த பிரச்சினக் காலத்தில வாப்பா யாவாரத்துக்குப் போனவர். எப்பவும் ஏறுற பஸ் பழுதெண்டு வேறொண்டு வந்திச்சாம். அவர் ஏறிட்டார்."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல. இன்னும் வரல்ல."

மீதித் தொதலைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ராத்தாவுக்கு இடது கண் பார்வை போனது இந்தப் பயத்தால்தான். சீனி வருத்தம் கண்ணுக்குள் இறங்கி இரத்தம் கசிகிறது, சுணங்காமல் போங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் ஒரு கண்ணாஸ்பத்திரியில் நாள் எடுத்து, நானும் ராத்தாவும் கட்டுநாயக்காவுக்குப் போனோம். கண்ணாடிக்கு வெளியே சப்பட்டை நின்றது. அப்போது அவருக்கு வலது கண் நன்றாகத் தெரியும். வாலடியைப் பார்த்தார். இஞ்சினடியைப் பார்த்தார். மூக்குவரை போகவில்லை, அப்படியே தரையில் குந்திவிட்டார்.

நான் கெஞ்சினேன். கத்தினேன். "கண்ணு போயிரும் ராத்தா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"கண்ணுதானே போகும்" என்றார்.

அவரைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? எங்கள் பெட்டிகளைத் திரும்ப இறக்க அவர்களுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. மற்றப் பயணிகள் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கொழும்புக் கோட்டையில் கல்முனை பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் பார்த்தேன். அந்த விமானம் சென்னையில் நல்லபடி இறங்கியிருந்தது. எரிச்சலில் அதை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"இறங்கிட்டு, பாருங்க."

"வாப்பாட பஸ்ஸும் எங்கயோ போய்த்தானே நிண்டிருக்கும்" என்றார். நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் எட்டு மணித்தியாலமும் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு நாள் கிடைக்க இரண்டு மாதம் சென்றது. அதற்குள் இடது கண் இருண்டுவிட்டது. இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள்.

அடுத்த வருடம் வலது கண்ணிலும் தொடங்கியது. முதலில் கறுப்பு நூல் ஒன்று ஓடுகிறது என்றார். பிறகு கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்பு வலைக்குள்ளால் பார்ப்பது போல என்றார். பத்து நாளில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். இந்த முறை சுணங்கினால் முழுக்கக் குருடு என்று டொக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். ராத்தாவின் மகள் கைக்குழந்தைக்காரி, வர வழியில்லை. கொழும்புக்குப் போகிற வானில் நாங்கள் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது உம்மாவ ஏத்திருங்க சாச்சி. இந்த முற திரும்பிக் கொண்டுவந்திராதீங்க" என்று அழுதாள்.

அந்த முறை மாப்புக் கேட்க ராத்தாவைக் கைபிடித்து வீடு வீடாகக் கூட்டிப்போனதும் நான்தான். எந்த வீட்டிலும் யாரும் சிரிக்கவில்லை. கடைசியாக என் வீட்டு வாசலில் நின்று என்னிடமும் கேட்டார். "உனக்குத்தான் நான் கூடப் பிழ உட்டிருக்கன்" என்றார். தந்திட்டன் ராத்தா, தந்திட்டன் என்று நானும் அழுதேன்.

விமான நிலையத்தில் ஆசனச் சீட்டைக் கையில் தந்ததும் நான் முதலில் நம்பரைத்தான் பார்த்தேன். பதினாலு கேட்டு வாங்கியிருந்தோம். பதினேழு என்று இருந்தது.

"பதினாலுதானே?"

"ஓம் ராத்தா. பதினாலுதான்."

முதல் பொய் இப்படிச் சின்னதாகத்தான் வந்தது. உள்ளே கண்ணாடியடிக்குப் போனோம். வழக்கம்போல நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது ஒரு வெள்ளை வெளிச்சம் மட்டும். எனக்கு எல்லாம் தெரிந்தது. தட்டை வாய், கூர் மூக்கு, சரிந்து எழும்பும் வால். என் வாழ்க்கையில் ஒரு விமானத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

"வாலடி என்ன மாதிரி?"

"நிமிந்துதான் இரிக்கி."

"சரிவு?"

"இல்ல ராத்தா."

"இஞ்சினடி?"

"வட்டம்."

"மூக்கு?"

"மழுங்கல். நாய்க்காரன்தான் ராத்தா, வேற ஆரு."

நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். தெரியாத கண்ணை என் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, "வல்லாஹி எண்டு சொல்லு புள்ள" என்றார்.

பொய்க்கு அல்லாஹ்வைச் சாட்சி வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று மதறஸாவுக்குப் போன எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மகளின் அழுகை எனக்குக் காதில் கேட்டது. இருண்டுபோன இடது கண் எனக்கு நேரே இருந்தது.

"வல்லாஹி" என்றேன்.

அவர் தோள் தளர்ந்தது. என் தோள் இறுகியது. அதோடு முடிந்திருக்கலாம், முடியவில்லை. கதவு திறக்கிற நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெண், விமானம் மாற்றப்பட்டிருக்கிறது, ஆசனச் சீட்டைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். ராத்தாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். நான் குரலை உயர்த்திப் பயண துஆவை ஓதத் தொடங்கினேன். ராத்தாவும் சேர்ந்து ஓதினார். துஆவால் அறிவித்தலை மறைத்தேன்.

ஒன்றை நான் அப்போது மறந்துபோயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் ராத்தா ஆசனத் தலைகளைத் தொட்டு எண்ணத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. வரிசை நம்பரைத் தாண்டித் தாண்டி வைத்திருக்கட்டும், எண்ணிக்கை பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பதினாலில் நின்றார். நான் மெல்ல முதுகில் கைவைத்து முன்னே தள்ளினேன். பதினைந்து, பதினாறு, பதினேழு.

"பதினேழு" என்றார், மெதுவாக.

எங்களுக்குப் பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. திரும்பிப் போக வழியில்லை. அவர் எதுவும் கேட்காமல் உள்ளே போய் யன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான் பட்டியைப் பூட்டிவிட்டேன். கதவு மூடினார்கள். விமானம் பின்னால் நகர்ந்தது. ராத்தா தலையைக் குனிந்து தரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு இஞ்சின் தொடங்கியது. மற்ற இஞ்சினும் தொடங்கியது. நாய் குரைக்கவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். வழக்கமாக என் கையைப் பிடிக்கிற கை ஆசனப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. உதடு கலிமா சொல்லிக்கொண்டிருந்தது. இடையில் ஒருமுறை நிறுத்தி, கைப்பைக்குள்ளிருந்து வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்டு நடந்தா இத மகள்ட்டக் குடு."

"நானும் இதுக்குள்ளதானே ராத்தா இரிக்கன்."

"ஓம் என்ன" என்று திறப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தில் ராத்தாவைவிட நான்தான் பயந்தேன். அதற்கு முன் விமானத்தில் எனக்குப் பயம் இருந்ததில்லை. நடுக்கடலில் குலுக்கியபோது, என் பொய்ச் சத்தியத்துக்காக அல்லாஹ் இதை விழுத்தினால் இதற்குள் இருக்கிற இவ்வளவு சனமும் என்னால்தான் போகும் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒரு குழந்தை ஆசனத்துக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தது. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. றப்பே, இந்தப் பிள்ளைக்காகவாவது இறக்கிவிடு என்று கேட்டேன்.

இறங்கியது. நல்லபடியாகத்தான் இறங்கியது.

மறுநாள் சத்திரசிகிச்சை. நல்லபடி முடிந்தது, பார்வை மெல்ல மெல்ல வரும் என்றார் டொக்டர். கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். தங்கியிருந்த லொட்ஜில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாலடி, இஞ்சினடி, மூக்கு, ஆசன நம்பர், துஆ, எல்லாம். மாப்புத் தாங்க ராத்தா என்று காலைப் பிடித்தேன்.

"காலப் புடிக்காத, ஹராம்" என்றார். "தந்திட்டன்."

கொஞ்சமும் யோசிக்காமல் தந்தார். பக்கத்து வீட்டுக்காரி கோழிக்கல்லுக்குத் தந்தது போல.

"உன்ட பொய்க்குத்தான் நான் மாப்புத் தர ஏலும். சத்தியத்துக்கு என்னால ஏலா. ஊருக்குப் போய்ப் பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுத்திரு."

அவ்வளவுதான். கஞ்சி ஆறுகிறது என்றார். நானும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து பத்துப் பேருக்கு ஆக்கிக் கொடுத்தேன். அந்தக் கண்ணும் தெளிந்தது. மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து இறக்காமத்தில் வயல் எடுத்தார். ராத்தா வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு அங்கே போய்விட்டார். குளத்தடியிலிருந்து யானை வந்து வேளாண்மையை மிதிக்கிற இடம் அது. பயமில்லையா என்று போன பெருநாளைக்குக் கேட்டேன். "யான எண்டு சொன்னா யானதானே வருது" என்றார். அந்தப் பக்கம் போகிறவர்களிடம் எனக்குச் சலாம் சொல்லி அனுப்புவார். ஆனால் சேர்ந்து பறப்பதும் கூட்டு வியாபாரமும் அந்தப் பயணத்தோடு நின்றுபோயின. அது நின்றது சென்னையிலிருந்து திரும்பிய அன்று.

பத்து நாள் கழித்துத் திரும்பினோம். கண்ணில் மூடி இருந்தது. வெளியே போகும்போது கழற்றவே கூடாது, மருந்து விட மட்டும் கைகழுவிவிட்டுத் திறக்க வேண்டும், விரல்பட்டுக் கிருமி போனால் செய்ததெல்லாம் வீண் என்று டொக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். ராத்தா அதற்கு அவ்வளவு பயந்தார். முகத்தில் ஈ இருந்தால்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் விரட்டச் சொல்வார்.

விமான நிலையத்தில் அவரைக் கண்ணாடியடிக்குக் கூட்டிப்போனேன். வெளியே பார்த்ததும் சந்தோசத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். சொன்னது சொன்னபடி வந்து நின்றது.

"ராத்தா, நாய்க்காரன் வந்திரிக்கான்!"

அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாலடியைக் கேட்கவில்லை, இஞ்சினடியைக் கேட்கவில்லை. சத்தியமும் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொன்னேன். வால் நிமிந்து இரிக்கி, சரிவில்ல, இஞ்சின் முழு வட்டம், மூக்கு மழுங்கல், ஆசனம் பதினாலு, மெய்யாப் பதினாலு. சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பொய்போலக் கேட்டது. அன்றைக்குச் சொன்ன அதே சொற்கள்தானே எல்லாம்.

"சரி புள்ள" என்றார் ராத்தா.

சொல்லிவிட்டு, கைகூடக் கழுவாமல், ஆட்காட்டி விரலைக் கண்மூடியின் கீழ் விளிம்புக்குள் விட்டு மெல்லத் தூக்கினார். ராத்தா, வேணாம் என்று நான் கத்தினேன். வெளிச்சம் பட்டுக் கண்ணீர் ஓடியது. நெற்றியைக் கண்ணாடியில் வைத்து வாலைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். பார்த்து முடித்துத் திரும்ப மூடிக்கொண்டார்.

ஏறினோம். ஆசனத் தலைகளைத் தொட்டு எண்ணினார். பதினாலில் உட்கார்ந்தார். கதவு மூடி, இஞ்சின் தொடங்கும்போது காலுக்குக் கீழே நாய் குரைத்தது. நான் என் கையை அவர் மடிப் பக்கம் கொண்டுபோனேன். அவர் இரண்டு கையாலும் தன் கைப்பையைப் பிடித்திருந்தார்.